பூவைக் கண்டால் இலையைக் காணோம்

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், ஓக்கும் பீச்சும் வளரும் காடுகளில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நடந்தால், சருகுக்கு நடுவே ஒரு மொட்டைத் தண்டு முழங்கால் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பழுப்பும் பச்சையும் கலந்த சின்னஞ்சிறு பூக்கள் அதில் இருபது, முப்பது இருக்கும். இலை மட்டும் ஒன்றுகூட இருக்காது. கிரேன்ஃபிளை ஆர்க்கிட் என்று இதற்குப் பெயர். தாவரவியலில் டிபுலேரியா டிஸ்கலர். பூக்கடை ஆர்க்கிட்டின் பகட்டெல்லாம் இதனிடம் கிடையாது. பக்கத்தில் போய் நின்றாலும் சட்டென்று கண்ணில் படாது.

இலை எங்கே? அது செப்டம்பர் வாக்கில்தான் வரும், அதுவும் ஒன்றே ஒன்று. மேற்புறம் கரும்பச்சை, நீளவாக்கில் மடிப்பு மடிப்பாக இருக்கும். புரட்டிப் பார்த்தால் அடிப்புறம் பளபளக்கும் ஊதா. குளிர்காலத்தில் இந்தச் செடியை அடையாளம் காண இதைவிடச் சுலபமான வழி இல்லை.

மற்ற செடிகள் தூங்கப் போகும் நேரத்தில் இது இலை விடுவதற்குக் காரணம் வெயில். கோடையில் மரங்கள் கூரை போட்டுவிடுவதால் தரைக்கு வந்து சேரும் வெளிச்சம் சொற்பம். இலையுதிர்ந்த பிறகோ வெயில் தடையில்லாமல் இறங்கும். உறைபனி நாட்களில் ஒளிச்சேர்க்கை மந்தமானாலும், இடையிடையே வரும் இதமான பகல்களில் இலை சம்பாதித்துவிடும். அந்த வருமானமெல்லாம் மண்ணுக்குள் சங்கிலியாய்க் கோத்த கிழங்குகளுக்குப் போகிறது. மே மாதத்துக்குள் மரங்கள் தழைத்துவிட, இலை பட்டுப்போகும். அப்புறம் கோடையில் பூப்பது முழுக்க அந்தச் சேமிப்பில்தான். இதில் ஓர் ஆபத்தும் உண்டு: குளிர்காலத்தில் பச்சையாகத் தெரிவது மானுக்கும் தெரியும். இருக்கிற ஒரே இலையை மேய்ந்துவிட்டால் அந்த வருட வருமானம் போச்சு.

பூவில் இன்னொரு விசித்திரம். பெரும்பாலான ஆர்க்கிட் பூக்களை நடுவில் கோடு போட்டால் இரு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். இதில் அப்படி இல்லை. சில பூக்கள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் சற்றே திரும்பியிருக்கும். பின்னால் வால்போல் நீண்ட மெல்லிய குழலில் தேன். இரவில் அந்துப்பூச்சி வந்து உறிஞ்சுகுழலை உள்ளே விட்டுத் தலையை நெருக்கும்போது, மகரந்தக் கட்டி அதன் ஒரு கண்ணின்மேல் ஒட்டிக்கொள்கிறது. உடம்பெல்லாம் செதில் மூடிய பூச்சியில் ஒட்டுவதற்கு வழவழப்பான இடம் கண்தான் என்பதை நினைத்தால், கோணல் வீண்போகவில்லை.

காய் பிடித்தால் அதற்கு விலை உண்டு. காய்த்த செடியின் கிழங்கும் அடுத்த இலையும் சிறுத்துப்போகின்றன. மறுவருடம் பூக்கும் வாய்ப்பும் குறைகிறது.

விதையோ வெறும் தூசி. முளைப்பதற்குக் கையிருப்பு உணவு கிடையாது. சரியான பூஞ்சை உள்ளே புகுந்து ஊட்டினால்தான் உயிர். மேரிலாந்தில் உள்ள ஸ்மித்சோனியன் சுற்றுச்சூழல் ஆய்வு மையத்தினர் விதைகளைப் புதைத்துப் பார்த்ததில், வெறும் மண்ணைவிட மக்கிய மரத்தில்தான் அவை முளைத்தன. மரத்தைச் சிதைக்கும் பூஞ்சையே நாற்றுக்கும் சோறு போடுகிறது. அதனால் விழுந்த மரங்களை அகற்றித் துப்புரவாக வைத்திருக்கும் காட்டில், வளர்ந்த செடிகள் வருடா வருடம் பூத்துக் காய்த்தாலும் அந்த விதைகளுக்குப் போக்கிடம் இல்லை.