டிராஃபிக்: ஓடுவதா, நிற்பதா?

பெங்களூருவின் கே.ஆர்.புரத்தில் கிளம்பி, டின் ஃபேக்டரியைத் தாண்டி, அல்சூரில் அக்கா வீட்டுப் படியேறியதும் நான் சொன்ன முதல் வார்த்தை, "ஒரே டிராஃபிக்." உள்ளே அக்கா மகன் கணினியில் ஊர் கட்டிக்கொண்டிருந்தான். "என் ஊர்ல டிராஃபிக் 82 பர்சென்ட், மாமா" என்றான் பெருமையாக. நான் சொன்னது நிற்கிற வண்டிகளை. அவன் சொன்னது ஓடுகிற வண்டிகளை.

அவன் ஆடியது, பின்லாந்தின் கொலாசல் ஆர்டர் நிறுவனம் உருவாக்கி 2015இல் வந்த 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்' என்ற ஊர் கட்டும் விளையாட்டு. ஊரில் வண்டிகள் எவ்வளவு தடையில்லாமல் ஓடுகின்றன என்பதை அதில் 'டிராஃபிக் ஃப்ளோ' என்று சதவீதமாகக் காட்டுவார்கள். கூடினால் நல்லது. பெங்களூருத் தமிழில் டிராஃபிக் கூடினால் ஆபீஸுக்கு லேட்.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பிரெஞ்சு, இத்தாலிய மொழிகள் வழியாக 16ஆம் நூற்றாண்டில் வந்தது. அப்போது அதன் பொருள் வணிகம், சரக்குப் பரிமாற்றம். தெருவில் போகும் வண்டிகளைக் குறித்தது 19ஆம் நூற்றாண்டில்தான். பழைய பொருளின் கெட்ட பாதி இன்னும் 'டிராஃபிக்கிங்' என்ற சொல்லில் மிச்சமிருக்கிறது; நாம் அதைக் கடத்தல் என்கிறோம்.

தமிழில் போக்குவரத்து. போக்கு, வரத்து என்று இரண்டையும் சேர்த்துக் கட்டிய சொல். சாலைக்காகவே பிறந்தது என்றும் சொல்ல முடியாது. "அவங்களோட எங்களுக்குப் போக்குவரத்தே இல்லை" என்றால் பேச்சுவார்த்தை அறுந்த உறவு. ஏரிக்கு நீர்வரத்து, சந்தைக்குத் தக்காளி வரத்து. மாணிக்கவாசகர் இறைவனைப் "போக்கும் வரவும் புணர்வும் இலாப் புண்ணியனே" என்கிறார். போக்கும் இல்லை, வரவும் இல்லை என்றால் நமக்கு அது நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பு!

ஒரு குறையும் உண்டு. போக்குவரத்துக் கழகம் என்றாலும் போக்குவரத்துக் காவல் என்றாலும் நமக்கு ஒரே சொல்தான். கன்னடத்தில் பேருந்துக் கழகத்துக்கு 'சாரிகே', டிராஃபிக் போலீஸுக்கு 'சஞ்சார'. இங்குள்ள பலகைகளில் 'சஞ்சார' என்பதை முதன்முதலாகப் படித்தபோது எனக்குச் சாமியார்களின் நினைவுதான் வந்தது. நெரிசலுக்கு அவர்களிடம் 'தட்டணே' என்று தனிச்சொல் இருக்கிறது.

நம் நெரிசலும் சாதாரணமானதில்லை. கழுத்தை நெரிப்பதன் உறவு அது. நெருக்கி மூச்சுமுட்டும் நிலை. அந்த விளையாட்டில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆறு தடச் சாலை போட்டு வைத்திருந்தான் மருமகன். லாரிகளெல்லாம் ஒரே தடத்தில் வால்பிடித்து நின்றன, மற்றவை காலி. எல்லா லாரியும் அடுத்த சந்தியில் ஒரே பக்கம் திரும்ப வேண்டியவை, முன்கூட்டியே அந்தத் தடத்தில் ஒதுங்கிவிட்டன. புறப்படும்போது முடிவு செய்த வழியை நடுவில் மாற்றிக்கொள்ளவும் அவற்றுக்குத் தெரியாது. ரொம்ப நேரம் சிக்கிய வண்டியை விளையாட்டே மாயமாக மறைத்துவிடும். ஓசூர் ரோட்டில் அந்த வசதி இல்லை.

அவன் எட்டுத் தடமாக்கப் பார்த்தான். நான் நம் சொல்லைப் பிரித்துக் காட்டினேன்: நீ அகலப்படுத்துவது வரத்தை, அடைபட்டிருப்பது போக்கு. உபரி நீர் வெளியேறும் கலங்கல் தூர்ந்து கிடக்கும்போது, நீர் வரும் வரத்துக்காலை வெட்டி அகலமாக்கினால் ஏரி என்னாகும்? அப்புறம் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இன்னொரு வெளிவழி போட்டான். வரிசை மெல்லக் கரைந்தது.

சரி, 'டிராஃபிக் ஃப்ளோ'வுக்கு என்ன சொல்வது? 'போக்குவரத்து ஓட்டம்' என்று எழுதலாம், ஆனால் போக்கிலேயே ஓட்டம் இருக்கிறது. நீரோட்டம், ரத்த ஓட்டம் மாதிரி 'வண்டியோட்டம்' எனக்குப் பிடித்திருக்கிறது. நிற்கும்போது நெரிசல், ஓடும்போது வண்டியோட்டம்.

இவ்வளவையும் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அக்கா, நான் செருப்பைத் தேடும்போது சொன்னாள்: "இப்பக் கிளம்பாதடா, டிராஃபிக்கா இருக்கும். சாப்பிட்டுட்டுப் போ."