நிறம் கெட்ட லேப்டாப்: டிஸ்ப்ளே மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

வெள்ளைப் பக்கம் ரோஸாகத் தெரிகிறது, முகங்கள் பச்சையடிக்கின்றன. வேலூரில் எந்தக் கடையில் காட்டினாலும் "டிஸ்ப்ளே போச்சு" என்பதுதான் முதலில் காதில் விழும். சில நேரம் அது சரிதான். ஆனாலும் பணம் கொடுக்குமுன் பழுது எங்கே என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

1920×1080 திரையில் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம். கிராபிக்ஸ் சிப் நினைவகத்தில் படத்தை வரைகிறது. மூடியின் கீல் வழியாக ஏறும் மெல்லிய கேபிள் அதைப் பேனலுக்கு, அதாவது திரைக்கு, கொண்டுபோகிறது. அங்குள்ள டி-கான் சர்க்யூட் புள்ளிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது.

முதலில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போனுக்கு அனுப்புங்கள். அது நினைவகத்திலிருந்து வருவது, கேபிளுக்கும் பேனலுக்கும் அதில் வேலையே இல்லை. போனிலும் நிறம் கெட்டிருந்தால் டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) அல்லது கிராபிக்ஸ் சிப். போனில் சரியாக இருந்தால் உடனே பேனலைச் சந்தேகிக்காதீர்கள்: திரை நிறத்தை மாற்றும் விண்டோஸ் செட்டிங்குகளான நைட் லைட்டும் கலர் ஃபில்டரும் ஸ்கிரீன்ஷாட்டில் விழுவதில்லை. அவற்றை அணைத்துப் பாருங்கள். விண்டோஸ் ஏறுமுன் திறக்கும் பயாஸ் திரையிலும் கோளாறு தெரிந்தால் விண்டோஸ் மேல் குற்றமில்லை.

அடுத்து ஹெச்டிஎம்ஐ வழியாக டிவியில் இணையுங்கள். டிவியிலும் கட்டம் கட்டமாகச் சிதறினால் மதர்போர்டு பக்கம். டிவி சுத்தமாக இருந்தால் கேபிளோ பேனலோ. (இரண்டு கிராபிக்ஸ் சிப் உள்ள கேமிங் லேப்டாப்பில் ஹெச்டிஎம்ஐ தனி சிப்பிலிருந்து வரலாம்; அங்கே இந்தச் சோதனையை முழுதாக நம்ப முடியாது.) பிறகு மூடியை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். அசைவோடு நிறம் மாறினால் பெரும்பாலும் கேபிள்தான்.

பழைய லேப்டாப்களில் வரும் எல்விடிஎஸ் வகைக் கேபிளில் எந்த நிறம் போனது என்பதே துப்பு. 18 பிட் பேனலில் (நிறத்துக்கு 6 பிட்) தரவுக்கு மூன்று ஜோடிக் கம்பிகள். முதல் ஜோடியில் சிவப்பு முழுவதும் போகிறது. அது அறுந்தால் வெள்ளை நீலப்பச்சையாகிவிடும். இரண்டாவதில் பச்சையின் பெரும்பகுதி. அது போனால் வெள்ளை ரோஸாகும். இன்றைய லேப்டாப்களின் இடிபி வகைக் கேபிளில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே கம்பி கெட்டால் பெரும்பாலும் திரை மினுங்கும், அல்லது இருண்டே போகும். அசையாமல் நிற்கும் நிறமாற்றம் என்றால், செட்டிங்கை அணைத்துப் பார்த்த பிறகு, பேனலைச் சந்தேகிக்கலாம்.

திறப்பதானால் அடாப்டரைக் கழற்றி, உள்ளே பேட்டரி கனெக்டரையும் பிரித்து, பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பேக்லைட்டுக்கான (திரைக்குப் பின்னுள்ள விளக்கு) மின்சாரமும் இதே கேபிளில்தான் வருகிறது. மின்சாரம் இருக்கும்போது கோணலாகச் செருகினால் மதர்போர்டில் ஃபியூஸ் போகலாம். கனெக்டரின் கம்பிப் பூட்டைத் தூக்கிவிட்டு நேராக இழுங்கள். பின்னில் பச்சை பூத்திருந்தால் 99% ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் செருகுங்கள். கீலருகே மடிந்து நைந்த கேபிளுக்கு டேப் ஒட்டிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

மேலிருந்து கீழாக ஒரே நிறக் கோடு நின்றால், பேனல் விளிம்பில் ஒட்டிய மெல்லிய ஃபிலிம் விட்டிருக்கும். காட்பாடி–பாகாயம் டவுன் பஸ் நெரிசலில் பை நசுங்கினால்கூட அது விட்டுவிடலாம். இதைச் சாதாரணக் கடையில் ஒட்ட முடியாது, பேனல்தான் மாற்ற வேண்டும். பழைய பேனலின் பின்பக்க ஸ்டிக்கரிலுள்ள மாடல் எண்ணும், கனெக்டர் 30 பின்னா 40 பின்னா என்பதும் பொருந்த வேண்டும். கிராபிக்ஸ் சிப்பைச் சூடுகாட்டிச் சரிசெய்கிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் சில வாரத்தில் அதே கோளாறு திரும்பும், கத்திரி வெயிலில் இன்னும் சீக்கிரம்.