ஃப்ளூ ஊசிக்குப் பிறகு கில்லன் பாரே: அமெரிக்காவில் இழப்பீடு யாருக்கு?

ஃப்ளூ ஊசி போட்டுப் பத்து நாளில் கால் மரத்துப்போகிறது. நாலு நாள் கழித்து எழுந்து நிற்க முடியவில்லை. மருத்துவர் கில்லன் பாரே என்கிறார். கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடிகள், ஆள் மாறிப் புற நரம்புகளைத் தாக்கும் நோய் இது. ஊசியால் வருவது மிக அபூர்வம். பத்து லட்சம் பேரில் ஒருவர் இருவருக்குத்தான். அப்படி வந்துவிட்டால் தேசியத் தடுப்பூசி இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 1986-ல் சட்டமாகி 1988-ல் தொடங்கியது. ஃப்ளூ ஊசி ஒன்றுக்கு 75 சென்ட் வரி பிடித்து நிதி சேர்க்கிறார்கள்.

ரத்தத்தில் ஆன்டிபாடி இருப்பதைக் காட்டு என்று இந்தத் திட்டம் கேட்பதில்லை. நல்லவேளை, ஏனென்றால் பல நோயாளிகளிடம் குறிப்பிட்ட ஆன்டிபாடி எதுவும் அகப்படாது. திட்டம் பார்ப்பது நாள் கணக்கை. 2017 மார்ச் 21 முதல் உள்ள விதி: ஊசி போட்ட 3 நாளிலிருந்து 42 நாளுக்குள் அறிகுறி தொடங்கினால், காரணம் ஊசிதான் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆன்டிபாடி உருவாகச் சில நாள் ஆகும், அதனால் மூன்று. ஆறு வாரத்துக்குமேல் ஆபத்து தணிந்துவிடும். 1976-ல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சல் ஊசி போட்டவர்களில் சிலருக்கு இந்த நோய் வந்தபோது பட்ட அனுபவம் அது.

அரசு மறுத்து வாதாடலாம். முந்தைய வாரம் கேம்பைலோபாக்டர் கிருமியால் வயிற்றுப்போக்கு வந்திருந்தால் அதைக் காரணம் காட்டும். அந்தக் கிருமியின் மேலுறை நம் நரம்பின் கொழுப்புப் பொருளைப் போலவே இருக்கும். நோய் கில்லன் பாரே அல்ல, அதைப் போன்ற நாள்பட்ட நரம்பு நோயான சிஐடிபி என்று முடிவானாலும் இந்தச் சலுகை போய்விடும். அப்போது நிபுணர் சாட்சியத்தோடு நாம்தான் நிரூபிக்க வேண்டும்.

பாதிப்பு ஆறு மாதத்துக்குமேல் நீடித்திருக்க வேண்டும். முதல் அறிகுறியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் மத்திய உரிமைக்கோரல் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். வலி, மன வேதனைக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர். மருத்துவச் செலவும் சம்பள இழப்பும் தனி. நியாயமான வழக்காக இருந்தால், தோற்றாலும் வக்கீல் கட்டணத்தை நிதியே தரும்.

குடியுரிமை தேவையில்லை. மகளைப் பார்க்கப் போன இடத்தில் ஊசி போட்டுக்கொண்ட அம்மாவும் கேட்கலாம், ஊசி அமெரிக்க மண்ணில் போட்டதாக இருந்தால் சரி. கோவிட் ஊசி இதில் சேராது. அதற்கான தனித் திட்டத்தில் கெடு ஒரே ஆண்டு, வக்கீல் கட்டணமும் இல்லை.

மருந்துக்கடையில் ஊசி போட்டிருந்தால், தேதியுள்ள பதிவை முதலில் கேட்டு வாங்கி வையுங்கள்.