சாயா பசியை அடக்குமா, கிளப்புமா?

எங்கள் ஊர்ப்பக்கம் காலையில் யாராவது "காப்பி குடிச்சாச்சா?" என்று கேட்டால், காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். புட்டும் பயறும் தின்றவரும் "குடிச்சாச்சு" என்றுதான் சொல்வார். காப்பியையும் தீனியையும் இப்படி ஒரே சொல்லில் கட்டிவைத்திருக்கிற குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு "சாயா குடிச்சா பசி அடங்கும், எடை குறையும்" என்று ஒருவர் சொன்னால் சிரிப்பு வரத்தான் செய்யும். சொன்னவர் மார்த்தாண்டத்தில் ஒரு சாயாக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தார், கையில் இரண்டாவது பழபஜ்ஜி.

ஆனால் அவர் சொன்னது முழுப்பொய்யும் இல்லை.

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். நரம்பு செல்களில் தனக்கென்று இருக்கிற ஏற்பிகளில் அது போய் உட்கார உட்கார அசதியும் தூக்கமும் வரும். சாயாவிலும் காப்பியிலும் இருக்கிற காஃபீனின் உருவமும் கிட்டத்தட்ட அடினோசின் மாதிரிதான், அதனால் முந்திப்போய் அந்த இடத்தைப் பிடித்துவிடும், பிடித்த பிறகு ஒரு வேலையும் செய்யாது. பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிக்கிறோமே, அதேதான். துண்டு கிடக்கிறவரை அடினோசின் நின்றுகொண்டே வரவேண்டும். நமக்கு அசதி தெரியாது, ஆனால் அது எங்கேயும் போய்விடவில்லை, துண்டை எடுத்ததும் மொத்தமாக வந்து உட்காரும். இதற்கிடையே, அடினோசின் அடக்கிவைத்திருந்த டோபமின் என்ற இன்னொரு மூளைப் பொருளின் வேலையும் கொஞ்சம் தூக்கலாகிறது. 'வேணும்' என்ற உந்துதலைத் தருவதில் டோபமினுக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, பசி? அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் 50 பேருக்கு ஜூஸில் காஃபீன் கலந்து கொடுத்து, அரைமணி நேரம் கழித்து வேண்டியதைச் சாப்பிடவிட்டுப் பார்த்தார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் குடித்த நாளில் சுமார் 70 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். அதையே மூன்று மடங்காக்கிக் கொடுத்த நாளில் எந்தக் குறைவும் இல்லை. குறைந்த அந்த 70 கலோரியும் அன்றைக்கே அடுத்தடுத்த வேளைகளில் ஈடாகிவிட்டது. விடியுமுன் கட்டன் சாயாவோடு ரப்பர் வெட்டப் போய், வேலை முடிந்து வந்து மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியுமாக ஒரு பிடி பிடிக்கிறவர்களைப் பார்த்திருந்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

இன்னொரு ஆய்வு எனக்கு இதைவிடச் சுவாரசியம். பிரான்சிலும் ஸ்பெயினிலும் கடை வாசலில் இலவசமாகக் காப்பி கொடுத்து, உள்ளே போனவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். காஃபீன் இல்லாத காப்பியோ தண்ணீரோ குடித்தவர்களைவிட, காஃபீன் குடித்தவர்கள் சுமார் 50 சதவீதம் அதிகம் செலவழித்தார்கள், அதுவும் தேவைக்கான சாமானைவிட ஆசைக்கான சாமானில்தான் இந்தத் தாராளம் அதிகம். இது கடைச் சாமான் பற்றிய ஆய்வு, பஜ்ஜிக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சாயாக்கடைகளில் பலகாரக் கண்ணாடி அலமாரியை நம் கண்ணுக்கு நேராக வைத்தவர் விவரமானவர்தான்.

உண்மையான சேதாரம் ராத்திரியில் நடக்கிறது. காஃபீன் உடம்பில் பாதியாகக் குறைய சராசரியாக 5 மணி நேரம் ஆகும். கர்ப்பிணிகளுக்கு இன்னும் அதிகம், புகைப்பவர்களுக்குக் குறைவு. ராத்திரி 7 மணிக்குக் குடித்ததில் பாதி 12 மணிக்கும் உள்ளே துண்டு போட்டு உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2013ல் வந்த ஓர் ஆய்வில், படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கே ஒரு மணி நேரத்துக்குமேல் தூக்கம் போனது. அது பெரிய அளவுதான், ஒரு கிளாஸ் சாயாவில் 30 முதல் 50 இருக்கும். ஆனால் ஒரு கிளாஸோடு நிறுத்துகிறவர் யார்?

தூக்கம் கெட்டால் என்ன ஆகும் என்பதையும் அதே 2013ல் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் (பெர்க்லி) பார்த்தார்கள். 23 பேரை ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல், மறுநாள் ஸ்கேனருக்குள் படுக்கவைத்துச் சாப்பாட்டுப் படங்களைக் காட்டினார்கள். யோசித்து 'வேண்டாம்' சொல்ல உதவுகிற, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதிகளின் வேலை மந்தமாகியிருந்தது. ஆசையோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற மூளைப்பகுதி துள்ளிக்கொண்டிருந்தது. அவர்கள் கேட்டதும் கலோரி கூடிய பண்டங்களைத்தான். அப்புறம் அந்த அசதியைத் தீர்க்க நாம் என்ன செய்வோம்? இன்னொரு சாயா.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் சாயங்காலம் சாயாவை விட்டு, காப்பித்தூள் போடாத சுக்கு காப்பிக்கு மாறிவிட்டேன். கருப்பட்டியும் சுக்கும் மல்லியும் மட்டும், காஃபீன் கிடையாது. தூக்கம் நன்றாகவே வருகிறது. கடைக்காரர்தான் கிளாஸை நீட்டிக்கொண்டே "கடிக்க என்ன வேணும் அண்ணே?" என்கிறார், ரசவடை என்று என் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது, இப்போது காஃபீன்மேல் பழிபோடவும் வழியில்லை.