ரொபோ கட்டாயம் வேணுமோ, டொக்டர்?

உரும்பிராயிலிருந்து வந்த ஐயா அவர். மலத்தோடு இரத்தம் போனதை மூலம் என்று நினைத்து ஆறு மாதம் கைவைத்தியம் செய்திருக்கிறார். கமரா விட்டுப் பார்த்தபோது பெருங்குடலின் இடப்பக்கத்தில் புற்றுநோய். ரொறன்ரோவிலிருந்து மகன் தொலைபேசியில்: "அப்பாவைச் சென்னைக்குக் கொண்டுபோய் ரொபோவில ஒப்பரேசன் செய்விக்கிறதுதானே நல்லது, டொக்டர்?"

அப்பா மேல் உள்ள பாசத்தில் கேட்கிற கேள்வி. அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

வயிற்றைத் திறந்து செய்தாலும், துளை போட்டு லப்பரஸ்கோப்பியில் செய்தாலும், ரொபோவில் செய்தாலும் உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான். கட்டியுள்ள குடல் துண்டை, அதற்கு இரத்தம் கொண்டுவரும் நாளத்தோடும் நிணநீர்க் கணுக்களோடும் சேர்த்து எடுத்துவிட்டு, மிச்சக் குடலைப் பொருத்த வேண்டும். குறைந்தது 12 கணுக்களையாவது ஆய்வுகூடம் பார்த்தால்தான் நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று நம்பிச் சொல்லலாம்.

துளைக்குள்ளாலேயே கட்டியும் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கடைசியில் சில சென்ரிமீற்றருக்கு ஒரு வெட்டுப் போட்டு, அதன் ஓரத்தில் பிளாஸ்ரிக் உறையை விரித்து, அதனூடாகத்தான் குடலை வெளியே எடுப்போம். புற்றுநோய்க் கலங்கள் காயத்தில் ஒட்டாமலிருக்கவே அந்த உறை. துளைவழியில் கையால் தடவிப் பார்க்க முடியாது என்பதால், சின்னக் கட்டியென்றால் கமரா விடும்போதே பக்கத்தில் கறுப்பு மை குத்தி வைக்கச் சொல்வோம்.

துளைவழியில் நோய் மீண்டும் வருமோ என்ற பயம் ஒரு காலத்தில் எங்களுக்கும் இருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 872 பேரில் நடந்த ஆய்வு 2004இல் வெளியானது. மூன்று வருடத்தில் நோய் திரும்பியது துளைவழியில் 16 வீதம், திறந்து செய்ததில் 18 வீதம், பெரிய வித்தியாசமில்லை. நோவும் ஆஸ்பத்திரியில் நிற்கும் நாளும் துளைவழியில் குறைவு. ஆனால் அதில் ஐந்தில் ஒருவருக்கு நடுவில் வயிற்றைத் திறக்க வேண்டி வந்தது. அதைத் தோல்வியாக எடுக்காதீர்கள். உள்ளே குடல் பக்கத்து உறுப்புகளோடு கூடுதலாக ஒட்டிப்போயிருந்தால் திறப்பதுதான் சரியான முடிவு.

ரொபோ தானாக வெட்டாது; சத்திரசிகிச்சை நிபுணர்தான் அதன் கைகளை இயக்குகிறார். ஒடுங்கிய இடுப்புக்குள் மலக்குடலில் வேலை செய்ய அது வசதி. ஆனாலும் மலக்குடல் புற்றுநோயில் நடந்த, 2017இல் வெளியான பெரிய ஆய்வொன்றில்கூட, நடுவில் வயிற்றைத் திறக்க வேண்டிவந்தவர்களின் தொகை லப்பரஸ்கோப்பியைவிட ரொபோவால் தெளிவாகக் குறையவில்லை.

என்னுடைய கவலை வேறு. விசா, ரிக்கெற் என்று கிழமைகள் போய், குடல் அடைத்து இரவோடிரவாக வந்தால் அநேகமாகத் திறந்துதான் செய்ய வேண்டும். மலம் வெளியேற வயிற்றின் மேல் பை வைக்கவும் நேரலாம். அதனால் மகனிடம், "எத்தனை துளை என்று கேளாதேங்கோ தம்பி, இந்த ஒப்பரேசனை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீங்கள் என்று கேளுங்கோ" என்றேன்.

ஐயாவின் கேள்வி ஒன்றே ஒன்று: தோட்டத்துக்கு எப்ப போகலாம்? துளையோ வெட்டோ, ஆறு கிழமைக்கு வெங்காய மூட்டை தூக்கக்கூடாது. வரம்பில் நடக்கலாம், தண்ணி மாறுவதை நின்று பார்க்கலாம்.