ஊட்டி சூரியனுக்குப் பக்கம்தானே?

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: "மேட்டுப்பாளையத்தைவிட ஊட்டி சூரியனுக்குப் பக்கம். அப்படியானால் அங்கேதானே வெக்கை அதிகம் இருக்க வேண்டும்?"

சூரியன் இருப்பது 15 கோடி கி.மீ. தொலைவில். ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். அந்த இரண்டேகால் கிலோமீட்டர் கணக்கிலேயே வராது. தவிர, வெயில் காற்றை நேரடியாகச் சூடாக்குவது குறைவு. வெயில் தரையைச் சுடும், தரை தன்மேல் படும் காற்றைச் சுடும். இவ்வளவும் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் ஊட்டியிலும் தரை இருக்கிறதே, அதன்மேலும் வெயில் அடிக்கிறதே? புத்தகம் இந்த இடத்தில் நைசாக நழுவிவிடும்.

பதில் காற்றின் பயணத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் போதும். உள்ளே ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குலுக்குங்கள். கொளுத்திய ஊதுபத்தியின் புகையைக் கொஞ்சம் உள்ளே விட்டு மூடியை இறுக்குங்கள். இரண்டு கைகளாலும் பாட்டிலை நன்றாக அழுத்திப் பிடித்து, சட்டென்று விடுங்கள். உள்ளே வெள்ளையாக மூட்டம் போடும். மறுபடி அழுத்தினால் காணாமல் போகும். விட்டால் திரும்பி வரும். பின்னால் கறுப்புத் துணி இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். அது மேகம்தான், சின்ன மேகம்.

அழுத்தினால் காற்று சூடாகிறது, விட்டால் குளிர்கிறது. யாரும் பனிக்கட்டி வைக்கவில்லை, பிறகு ஏன் குளிர வேண்டும்? கிரிக்கெட் ஆடுபவர்களுக்குச் சட்டெனப் புரியும். வரும் பந்தைத் தளர்ந்த கையால், மட்டையைப் பின்னுக்கு விட்டுத் தடுத்தால் பந்து வேகமிழந்து காலடியிலேயே விழும். மட்டையை எதிரே வீசினால் பறக்கும். காற்று மூலக்கூறுகளுக்கும் இதே கதைதான். பின்வாங்கும் சுவரில் மோதும் மூலக்கூறு வேகம் குறைந்து திரும்புகிறது, முன்னேறி வரும் சுவரில் மோதுவது வேகம் கூடித் திரும்புகிறது. வெப்பநிலை என்று நாம் சொல்வதே அந்த வேகத்தின் கணக்குதானே.

மலையேறும் காற்றுக்குச் சுவர் கிடையாது, சுற்றியுள்ள காற்றுதான் சுவர். ஊட்டி உயரத்தில் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கு சொச்சம்தான். அதனால் ஏறும் காற்று விரிகிறது. அக்கம்பக்கத்துக் காற்றைத் தள்ளிக்கொண்டு விரிவதற்குத் தன் கையிருப்பு ஆற்றலையே செலவழிக்கிறது. விளைவு, ஈரம் திரளாத வரை ஒவ்வொரு கிலோமீட்டர் ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 10 டிகிரி குளிர்ச்சி. இறங்கும்போது அதே 10 டிகிரி திரும்பக் கிடைத்துவிடும்.

எனக்கு மிகப் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. போதுமான அளவு குளிர்ந்ததும் நீராவி தூசியையும் கடல் உப்புத் துகளையும் பற்றிக்கொண்டு துளியாகத் திரள்கிறது. பாட்டிலில் ஊதுபத்திப் புகைக்கு அந்த வேலை. ஒரு கிராம் நீராவி நீராகும்போது சுமார் 2,500 ஜூல் வெப்பத்தை வெளியே விடும். ஒரு கிலோ காற்றை இரண்டரை டிகிரி சூடாக்க அது போதும். ஆக, மேகம் போட ஆரம்பித்த பிறகு காற்று ஏறினாலும் அவ்வளவு வேகமாகக் குளிராது. நம் பக்கத்து ஈரக் காற்றில் கிலோமீட்டருக்கு நாலரை டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது ஆடி மாதத்து மேற்குக் காற்றைத் தொடர்ந்து போவோம். கேரளக் கரையில் 28 டிகிரியில் புறப்படுகிறது. 500 மீட்டரில் மேகம் திரளும்போது 23 டிகிரி. 2,000 மீட்டர் உச்சிக்குப் போகும்போது 16 டிகிரிக்குச் சற்று மேல். வழியில் மழையைக் கொட்டிவிட்டது என்று கொள்வோம். உச்சியைத் தாண்டி இந்தப் பக்கம் 300 மீட்டர் வரை இறங்கும்போது கிலோமீட்டருக்கு 10 டிகிரி வீதம் சூடாகி 33-ஐத் தொடுகிறது. அந்தப் பக்கம் இதே 300 மீட்டரில் 25 டிகிரியாக இருந்த காற்று இது. கூடுதல் 8 டிகிரி எங்கிருந்து? மழையாக அங்கே விழுந்த நீர், நீராவியாக இருந்தபோது வைத்திருந்த வெப்பத்தைக் காற்றிடம் விட்டுப் போயிருக்கிறது. மழை அவர்களுக்கு, அதன் சூடு நமக்கு! மழை மறைவுப் பிரதேசம் என்று மனப்பாடம் செய்கிறோமே, அதன் உள்கணக்கு இதுதான்.

கழுதைக்குக் கல்யாணம் செய்தால் மழை வரும் என்று இன்னமும் சில ஊர்களில் பந்தல் போடுகிறார்கள். மழைக்குக் காற்றை ஒன்றிரண்டு கிலோமீட்டர் மேலே தூக்க வேண்டும். கழுதைக்கு அந்தத் தெம்பு கிடையாது. அந்தப் பந்தல் செலவில் ஊர்ப் பள்ளிக்கு ஒரு மழைமானியும் நிழலில் மாட்ட ஒரு வெப்பமானியும் வாங்கலாம். அரசையும் சேர்த்தே சொல்கிறேன்: வகுப்பறைக்கு மின்னணுத் திரை வாங்கக் கிடைக்கும் பணம் இந்த இரண்டுக்கு மட்டும் கிடைப்பதில்லை.

எல்லா ஊருக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. கோயம்புத்தூருக்கு மேற்கே பாலக்காட்டுக் கணவாய். காற்று உயர ஏறாமலே ஈரத்தோடு நுழைந்துவிடுவதால், ஜூலையில் மதுரை கொதிக்கும்போதும் கோவை இதமாக இருக்கிறது. குற்றாலத்திலோ செங்கோட்டைக் கணவாய் வழியே மேகமும் கூடவே வழிந்து வருகிறது. இறங்கும் காற்று அந்தத் துளிகளை ஆவியாக்குவதிலேயே சூட்டைச் செலவழித்துவிட, நமக்குச் சாரல் கிடைக்கிறது. கிழக்கே தென்காசி தாண்டிப் போகப்போக ஈரம் தீர்ந்து வெக்கை தொடங்கும்.

ஒரே மலையில் இரண்டு பக்கமும் பார்க்க நீலகிரிதான் வசதி. மேற்கில் உள்ள அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. கிழக்குச் சரிவில் உள்ள குன்னூருக்கு ஐப்பசி, கார்த்திகைதான் பெருமழைக் காலம். அப்போது காற்று வங்கக் கடலிலிருந்து வந்து இந்தப் பக்கமாக ஏறும், மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையில் மண் சரிந்து மலை ரயில் ரத்தாவதும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான்.