நிறுவன ஆவணங்களிலிருந்து ஏஐ பதில் சொல்வது எப்படி?

பெரிய நிறுவனங்களில் ஏஐ உதவியாளரை அமைக்கும் திட்டங்கள் பெரும்பாலும் "எந்த மொழி மாதிரியை (கேள்வியைப் படித்துப் பதில் எழுதும் ஏஐ மென்பொருளை) வாங்கலாம்?" என்ற விவாதத்தில்தான் தொடங்குகின்றன. ஆனால் பதில் சரியாக வருமா என்பதைத் தீர்மானிப்பது அதற்கு முந்தைய கட்டமான தேடல். மொழி மாதிரிக்கு உங்கள் விடுப்பு விதியோ பராமரிப்புக் கையேடோ தெரியாது. தெரியாததைக் கேட்டாலும் அது மௌனமாக இருக்காது; எங்கோ படித்த விதிகளின் சாயலில் நம்பும்படியாக ஒரு பதிலைச் சொல்லிவிடும்.

2020-இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையின் மூலம் 'ராக்' (RAG) என்று பெயர் பெற்ற முறை இதற்குத்தான் பயன்படுகிறது. கேள்வி வந்ததும் முதலில் நிறுவனத்தின் ஆவணங்களில் தேடி, தொடர்புள்ள சில பத்திகளை எடுத்து, அவற்றைக் கேள்வியுடன் சேர்த்து மாதிரியிடம் தருவார்கள். அந்தப் பத்திகளை மட்டும் வைத்துப் பதில் சொல்லும்படியும், அவற்றில் இல்லையென்றால் இல்லை என்று சொல்லும்படியும் கட்டளை இருக்கும்.

பத்திகளை எடுக்க ஆவணங்களை முன்கூட்டியே துண்டாக்கி வைக்க வேண்டும். ஒரு துண்டுக்கு 300 முதல் 500 டோக்கன், அடுத்த துண்டோடு 10 முதல் 15 சதவீதம் பொதுவான பகுதி என்று தொடங்கலாம். டோக்கன் என்பது மாதிரி எழுத்தைப் படிக்கும் சிறு அலகு. ஆங்கிலத்தில் ஒரு டோக்கன் சராசரியாக முக்கால் சொல். தமிழிலோ ஒரே சொல் பல டோக்கன்களாக உடைவது சகஜம். ஆங்கிலத்துக்கு வைத்த அளவைத் தமிழ் ஆவணத்துக்கும் அப்படியே வைத்தால் பத்தி பாதியில் அறுந்துவிடும்.

அறுபடும் இடம்தான் ஆபத்தானது. பயணப்படி விதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு துண்டில் படித்தொகை அட்டவணை இருக்கிறது. "மேற்கண்டவை ஒப்பந்த ஊழியர்களுக்குப் பொருந்தாது" என்ற வரி அடுத்த துண்டுக்குப் போய்விட்டது. ஒப்பந்த ஊழியர் கேட்கும்போது தேடலில் முதல் துண்டு மட்டும் அகப்பட்டால், அவருக்கும் படி உண்டு என்று மாதிரி சொல்லும். தன்னிடம் வந்ததை அது சரியாகத்தான் படித்திருக்கிறது. இதைத் தவிர்க்க, டோக்கன் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் தலைப்பு, உட்பிரிவு வாரியாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஆவணத்தின் பெயர், பிரிவு, அமலுக்கு வந்த தேதி ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். அட்டவணையைப் பிரிக்க நேர்ந்தால் தலைப்பு வரிசையை ஒவ்வொரு பகுதியிலும் திரும்பப் போட வேண்டும்.

அடுத்து, ஒவ்வொரு துண்டும் வெக்டர் எனப்படும் எண் வரிசையாக மாற்றப்படுகிறது. அதில் 768 அல்லது 1,536 எண்கள் இருக்கலாம். பொருள் நெருங்கிய துண்டுகளின் எண்களும் நெருங்கியிருக்கும். அதனால் "சம்பளத்தோடு லீவு" என்று தேடினாலும் "ஊதியத்துடன் கூடிய விடுப்பு" கிடைக்கும். ஆனால் பிழை எண் 4072-க்கும் 4027-க்கும் உள்ள வித்தியாசத்தை வெக்டர் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. அதற்குப் பழைய சொல் தேடலே வேண்டும்; கேள்வியின் சொற்கள் துண்டில் எத்தனை முறை வருகின்றன, அவை எவ்வளவு அரிதானவை என்று பார்த்து மதிப்பெண் தரும் பிஎம்25 என்ற கணக்கு இன்றும் அங்கே நன்றாக வேலை செய்கிறது. இரண்டு முறையிலும் தேடி, கிடைக்கும் இரு பட்டியல்களையும் ஒன்றாக்க, ஒவ்வொரு பட்டியலிலும் துண்டு பிடித்த இடத்தோடு வழக்கமாக 60-ஐக் கூட்டி, 1-ஐ அதால் வகுத்து, வரும் எண்களைக் கூட்டுவார்கள். ஒன்றில் முதலிடம், மற்றொன்றில் மூன்றாமிடம் என்றால் மதிப்பு 1/61 + 1/63. இப்படி மேலே வந்த 50 துண்டுகளை, கேள்வியோடு சேர்த்துப் படித்து மதிப்பிடும் இன்னொரு சிறு மாதிரி ஐந்தாறாகச் சுருக்கும்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் பழைய விதியும் புதிய விதியும் ஒரே கிடங்கில் கிடந்தால் பயனில்லை. இரண்டின் சொற்களும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் எது மேலே வரும் என்று சொல்ல முடியாது. ரத்தான ஆவணங்களை நீக்கும் பொறுப்பு, துறைவாரியாகப் பெயர் குறிப்பிட்ட ஒருவரிடம் இருக்க வேண்டும். என் பார்வையில், முழுத் திட்டத்திலும் கடினமான வேலை இதுதான்.

பார்வை உரிமையைத் தேடலிலேயே பொருத்த வேண்டும். கேட்பவருக்கு அனுமதியில்லாத துண்டு மாதிரியிடம் போகவே கூடாது. "ரகசியத்தைச் சொல்லாதே" என்ற கட்டளை பூட்டாகாது. கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டாலே கசிந்துவிடக்கூடும்.

தவறான பதிலுக்குப் பொறுப்பு நிறுவனத்துடையதே. ஏர் கனடாவின் சாட்பாட் ஒரு பயணிக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் தந்த வழக்கில், 2024 பிப்ரவரியில் கனடாவின் தீர்ப்பாயம் ஒன்று நிறுவனமே இழப்பீடு தர வேண்டும் என்றது. சரியான விதி அதே இணையதளத்தின் வேறு பக்கத்தில் இருந்தது.

ஆகவே வெளியிடும் முன் ஊழியர்கள் உண்மையில் கேட்கும் கேள்விகளில் 150 முதல் 200 வரை திரட்டி, ஒவ்வொன்றுக்கும் சரியான பத்தி எது என்று குறித்து வையுங்கள். ஆவணங்களில் விடையே இல்லாத கேள்விகள் சிலவும் அதில் இருக்கட்டும். முதலில் தேடலை மட்டும் சோதியுங்கள்: குறித்த பத்தி முதல் ஐந்தில் வருகிறதா? அது வந்தும் பதில் தவறினால் மட்டுமே மாதிரியையோ கட்டளையையோ தொடுங்கள். வெக்டர் உருவாக்கும் மாதிரியை மாற்றினால் எல்லாத் துண்டுகளையும் மறுபடி எண்ணாக்க வேண்டும். ஒரு மாதிரியின் எண்களை இன்னொன்றின் எண்களோடு ஒப்பிட முடியாது. அதன்பின் அதே கேள்விப் பட்டியலை முழுதாக மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.